அப்பா விட்டுப்போன கொறங்காடு: கொழுக்கட்டைப்புல்லை அழித்துவிட்டு மரம் வைக்கலாமா?

மூலனூர்_மேற்கு

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூர் மாவட்டம் மூலனூர் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம், இருக்கிறது. அப்பா போன மாசியில் தவறிவிட்டார். நான் பதினைந்து வருடமாக வெளியூரில் வேலை. மாடு கன்றெல்லாம் அவர் காலத்தோடு சரி. கடைசி இரண்டு வருடம் பக்கத்துக் காட்டுக்காரர் ஆடு மேய்க்கக் குத்தகைக்கு எடுத்திருந்தார்.

போன வாரம் போய்ப் பார்த்தேன். சித்திரை வெயிலில் புல் முழுக்க வைக்கோல் நிறமாகக் காய்ந்து கிடக்கிறது, கால் வைத்தால் நொறுங்குகிறது. நடுவில் ஏழெட்டு வெள்வேல மரம். சுற்றிலும் கிளுவை வேலி, அதிலும் இரண்டு இடத்தில் செடி பட்டுப்போய்ச் சந்து விழுந்திருக்கிறது. கூட வந்த நண்பர் மரம் நடும் குழு ஒன்றில் இருப்பவர். "இது சும்மா கிடக்கிற தரிசு. ஜேசிபி விட்டுப் புல்லைச் சுரண்டிவிட்டுக் குழி எடுத்தால் ஆயிரம் கன்று வைக்கலாம், கன்று நாங்களே தருகிறோம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

ஊரில் கொழுக்கட்டைப்புல் என்பார்கள். அதன் பெயரை வைத்து இணையத்தில் தேடினேன். சென்க்ரஸ் சிலியாரிஸ், வெளிநாட்டில் பஃபெல் கிராஸ் என்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் அதைக் களை என்று அறிவித்திருக்கிறார்கள்! அப்பா இந்தப் புல்லை உயிராக நினைத்தவர். மழை பெய்த மறுநாள் காலையில் முதல் வேலையாகக் காட்டுக்குப் போய்ப் புல்லைப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பார். அவர் காப்பாற்றியது ஒரு களையையா? என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பட்டிக்காடு_பெரியவர்

தம்பி, முதலில் ஜேசிபிக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு. மற்றதைப் பொறுமையாகப் பேசிக்கொள்ளலாம். மேல்மண்ணைச் சுரண்டினால் புல்லின் தூரும் போகும், மண்ணுக்குள் கிடக்கிற விதையும் போகும். எங்கள் பக்கத்தில் அப்படிச் சுரண்டிய காட்டில் பத்து வருடம் ஆகியும் பார்த்தீனியமும் சீமைக்கருவேலும்தான் நிற்கின்றன.

சித்திரையில் பார்த்துவிட்டுப் புல் செத்துவிட்டது என்று நினைக்காதே. தூரைக் கையால் பிடித்து இழுத்துப் பார். வந்துவிட்டால் செத்தது. வராவிட்டால் உயிர் அடியில் இருக்கிறது.

---

செடிப்பெயர்

பெரியவர் சொன்னதை வழிமொழிகிறேன். அதற்கு முன், அது எந்தக் கொழுக்கட்டை என்று பார்த்துவிடுவோம். ஊரில் ஒரே பெயரில் இரண்டு மூன்று புல்லைச் சொல்வார்கள்.

காய்ந்த கதிர் ஏதாவது நிற்கிறதா பாருங்கள். நரிவால் போல மெத்தென்று, தடவினால் மிருதுவாக, ஊதா கலந்தோ வைக்கோல் நிறத்திலோ இருந்தால் சென்க்ரஸ் சிலியாரிஸ். அதில் ஒவ்வொரு விதைக்கொத்தையும் சுற்றி இருக்கிற மயிர்கள் அடியில் மட்டுமே லேசாக ஒட்டியிருக்கும், அதனால்தான் பஞ்சு போலத் தெரிகிறது. கதிர் ஒல்லியாக, கொத்துகள் கிண்ணம் போலக் கெட்டியாக, மயிர் குட்டையாக இருந்தால் அது சென்க்ரஸ் செடிஜெரஸ். செடியும் சிறியது, இன்னும் வறண்ட இடத்தையும் தாங்கும். மூன்றாவதாக, கோவை வேளாண் பல்கலைக்கழகம் கோ 1 என்று வெளியிட்ட நீலக் கொழுக்கட்டைப்புல்லும் இருக்கிறது. அதைச் சென்க்ரஸ் கிளாகஸ் என்று வைத்திருக்கிறார்கள், இலையில் ஒரு நீலச் சாயல் தெரியும். அப்பா விதைத்திருந்தால் ஒழிய அது தானாக வந்திருக்காது.

இன்னொரு விஷயம், இது கம்புக்குச் சொந்தக்காரப் புல். சென்க்ரஸ் என்பதே சிறுதானியத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. சென்க்ரஸ் சிலியாரிஸ் என்பது லின்னேயஸ் 1771இல் வைத்த பெயர். 2010இல் கம்பு இருந்த பென்னிசெட்டம் பேரினத்தையே சென்க்ரஸில் சேர்த்துவிட்டார்கள். கம்பங்கதிரையும் கொழுக்கட்டைக் கதிரையும் பக்கத்தில் வைத்தால் சாடை தெரியும்.

---

மூலனூர்_மேற்கு

ஐயா சொன்னபடி பக்கத்துக் காட்டுக்காரரை இழுத்துப் பார்க்கச் சொன்னேன். நாலில் மூன்று தூர் அசையவே இல்லையாம். மேற்கு மூலையில் மட்டும் பிடுங்கினால் கையோடு வருகிறது, அங்கேதான் ஆடுகள் அதிகம் படுக்குமாம். கதிர் மெத்தென்று நரிவால் மாதிரிதான் இருக்கிறது. அப்படியானால் களை என்று அறிவித்த அதே புல்தானே?

---

வறள்நிலம்

அதே இனம்தான், ஆனால் இருக்கிற இடம் வேறு. இதை நீட்டியே எழுதுகிறேன், பலருக்கும் இந்தக் குழப்பம் இருக்கிறது.

கொழுக்கட்டைப்புல்லின் சொந்த நிலம் ஆப்பிரிக்கா, அரேபியா, அங்கிருந்து பாகிஸ்தான், இந்தியா வரை. மழை குறைவு, மண் கடினம், வருடத்தில் பாதிக்கு மேல் வெயில், எப்போதும் ஏதாவது ஒரு மிருகம் வந்து கடித்துவிட்டுப் போகும். இந்த வாழ்க்கைக்காகவே உருவான புல் இது. தண்டின் அடியைத் தொட்டுப் பார்த்தால் கொஞ்சம் உப்பியிருக்கும். உணவை அங்கேதான் சேர்த்து வைக்கிறது. மேலே இருப்பதை மாடு தின்றாலும் தீ தின்றாலும் அடியிலிருந்து மறுபடி எழுந்துவிடும். மண் இடம் கொடுத்தால் வேர் இரண்டு மீட்டருக்கும் கீழே போகும். தண்ணீர் தேங்கும் களிமண் மட்டும் ஆகவே ஆகாது.

ஆஸ்திரேலியாவுக்கு இது 1870களில் போனது. பாலைவனத்தில் சரக்கு ஏற்றிய ஒட்டகங்களின் சேணத்துக்குள் திணித்திருந்த புல்லோடு விதையும் போய்விட்டது என்பார்கள். பிறகு மேய்ச்சலுக்காகவும், மத்திய ஆஸ்திரேலியாவில் புழுதியை அடக்கவும் வேண்டுமென்றே விதைத்தார்கள். அமெரிக்காவில், கென்யாவின் துர்கானா வறள்நிலத்திலிருந்து வந்த ரகம் ஒன்றை 1949இல் டெக்சாஸில் விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். மெக்சிகோவின் சொனோராவில் பாலைவனச் செடிகளை அழித்துவிட்டே இதை விதைத்தார்கள்.

அந்தப் பாலைவனங்களில் செடிக்கும் செடிக்கும் நடுவே வெறுந்தரை இருக்கும். தீ பிடித்தாலும் தாவ வழி கிடையாது. கொழுக்கட்டைப்புல் அந்த இடைவெளியை நிரப்பிக் காய்ந்து நின்றது, தீ ஓட வழி கிடைத்துவிட்டது. அரிசோனாவின் சகுவாரோ கள்ளி ஒரு கை கிளைக்கவே அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகும், அதற்குத் தீயைத் தாங்கத் தெரியாது. புல்லோ எரிந்த சில வாரத்தில் தளிர்த்துவிடும். அடுத்த தீக்கு அதுவே விறகு. அதனால்தான் அரிசோனா 2005இல், தெற்கு ஆஸ்திரேலியா 2015இல், ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசம் 2024இல் இதைக் களை என்று அறிவித்தன. அவர்கள் செய்தது முழுக்கச் சரி.

இங்கே கதை அப்படி இல்லை. நம் மண்ணில் இதோடு சேர்ந்து வளர்ந்த செடிகளும் தின்கிற வாய்களும் கூடவே இருக்கின்றன. கோடை முற்றுவதற்குள் ஆடும் மாடும் அடிவரை மேய்ந்துவிடுகின்றன, எரிவதற்குப் பெரிதாக மிஞ்சுவதில்லை. உங்கள் அப்பா காப்பாற்றியது களை இல்லை, சார். புல்லை அதன் சொந்த வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

---

நிழல்தேடி

நானும் மரம் நடுகிறவன்தான், அதனால் என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். கோபிக்க வேண்டாம். நாலு ஏக்கரில் ஏழெட்டு மரம் என்பது குறைவு இல்லையா? வெயில் ஒவ்வொரு வருடமும் ஏறுகிறது. மரம் இருந்தால் நிழல், பறவை, கரியமில வாயுவையும் பிடித்து வைக்கும். புல் வருடத்தில் நாலு மாதம்தான் பச்சையாக இருக்கிறது. அந்த நண்பர் சொன்னதில் என்ன தவறு?

---

வறள்நிலம்

@நிழல்தேடி, கோபம் எதற்கு? நல்ல கேள்வி.

கரியை (கார்பனை) எங்கே தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது. மரம் தன் கரியில் பெரும்பங்கைத் தண்டிலும் கிளையிலும் வைத்திருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது. புல்வெளியில் பெரும்பங்கு மண்ணுக்குள். ஜேசிபி கீறினால் காற்றில் போவது அதுதான். அடுத்தது தண்ணீர். காங்கயம், தாராபுரம், மூலனூர் எல்லாம் மழைமறைவுப் பகுதி. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று மழையைக் கொட்டாமல் ஈரத்தைத்தான் உறிஞ்சிக்கொண்டு போகும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதுதான் மழை. அந்த மண்ணில் ஆயிரம் கன்று வைத்தால், முதல் இரண்டு மூன்று கோடைக்கு லாரித் தண்ணீர் ஊற்ற வேண்டும். யார் ஊற்றுவார்கள்?

பறவை என்றீர்கள். தரையில் கூடு கட்டுகிற வானம்பாடி, கௌதாரி இவற்றுக்கெல்லாம் திறந்த புல்தரைதான் வேண்டும். அடர்ந்த தோப்பில் அவற்றுக்கு இடமில்லை. மரம் வந்தால் வேறு பறவை வரும், மறுக்கவில்லை. ஆனால் அவற்றுக்கு வேறு இடமும் இருக்கிறது.

எனக்கு உண்மையில் வருத்தம் "தரிசு" என்ற சொல்லின் மேல்தான். வரி வராத நிலமெல்லாம் வீண் நிலம் என்று வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கில் எழுதினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த தரிசுநில வரைபடங்களிலும் புதர்நிலமும் நலிந்த மேய்ச்சல் நிலமும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. பட்டியலில் ஏறிவிட்டால் மரம் நடவோ சோலார் பலகை பரப்பவோ அதுதான் முதலில் கண்ணில் படுகிறது. ஐக்கிய நாடுகள் சபை 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக அறிவித்திருக்கிறது. கொறங்காட்டுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

---

பட்டிக்காடு_பெரியவர்

நிழல்தேடி தம்பிக்கு: ஏழெட்டு வெள்வேல் போதும், வேண்டுமானால் இன்னும் நாலைந்து விடலாம். வெள்வேலின் இலை பொடி இலை. கீழே வெயில் சல்லடை போட்டது மாதிரி விழும், அதனால் அடியிலும் புல் நிற்கும். கோடையில் புல் தீர்ந்த நேரத்தில் காய் உதிரும், ஆடு ஓடி ஓடிப் பொறுக்கும். ஆட்டின் வயிற்றுக்குள் போய்ப் புழுக்கையோடு வெளியே வந்த விதை நன்றாக முளைக்கும். நாங்கள் யாரும் வெள்வேலுக்குக் குழி எடுத்ததில்லை. ஆடுதான் நடும், வேண்டாததை நாம் வெட்டுவோம். அவ்வளவுதான் வேலை.

இதே இடத்தில் வேம்பையோ புங்கனையோ நெருக்கமாக வைத்துப் பார், ஐந்தாம் வருடம் அடியில் புல் இருக்காது.

---

நிழல்தேடி

சரிங்க ஐயா. ஆடு நடுகிற மரம் என்பதை இன்றுதான் கேள்விப்படுகிறேன். எங்கள் குழுவில் இதைப் பேசுகிறேன். மரம் வேண்டிய இடத்தையும் வேண்டாத இடத்தையும் நாங்கள் பிரித்துப் பார்ப்பதே இல்லை. பள்ளம், ஓடைக்கரை இவற்றில் வைப்பதில் ஆட்சேபம் இல்லைதானே?

---

பட்டிக்காடு_பெரியவர்

ஓடைக்கரையில் தாராளமாக வை.

---

செடிப்பெயர்

ஒரு சின்ன மாற்றுக் கருத்து. கொறங்காட்டைப் புல்லின் "இயற்கை வாழிடம்" என்று அப்படியே சொல்லிவிட முடியாது. 1973இல் இந்தியப் புல்வெளிகளை ஐந்து பெரும் வகைகளாகப் பிரித்தார்கள். அதில் சென்க்ரஸ் பெயர் வருவது ராஜஸ்தான், குஜராத் பக்கத்து வறண்ட சமவெளி வகையில். நம் தீபகற்பம் செஹிமா, டைகாந்தியம் என்ற வேறு புற்களின் பெயரில் இருக்கிறது. கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல் இத்தனை அடர்த்தியாக நிற்பதற்கு வேலியும் மேய்ச்சலும் தேர்ந்தெடுப்பும் காரணம். அதாவது மனிதனும் மாடும் சேர்ந்து வளர்த்த புல்வெளி.

---

வறள்நிலம்

ஒத்துக்கொள்கிறேன், பாதி. மழைமறைவு, செம்மண், சரளை, நல்ல வடிகால் என்று அந்தப் புல் கேட்பதெல்லாம் இங்கே முன்பே இருந்தது. வேலி வந்து அதைக் கூட்டியது. இன்று கொறங்காட்டிலிருந்து மனிதன் விலகிவிட்டால் அது பழைய இயற்கைக்குத் திரும்பாது, சீமைக்கருவேலுக்குத்தான் போகும். அதனால் "இயற்கையா செயற்கையா" என்று பிரித்துப் பார்ப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை.

---

கிடை_அக்கா

ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் செய்கிறேன், இன்று எழுதலாம் என்று தோன்றியது. என்னிடம் அறுபது மயிலம்பாடி ஆடு இருக்கிறது. சொந்தக் காடு இரண்டரை ஏக்கர், குத்தகைக்கு ஆறு.

மூலனூர் தம்பி, அந்த மேற்கு மூலைதான் கவனிக்க வேண்டியது. ஆடு ஒரே இடத்தில் படுத்தால் புல் மிதிபட்டுச் சாகும். குத்தகைக்காரர் நல்லவராகத்தான் இருப்பார், ஆனால் வருடக் குத்தகை என்றால் கார்த்திகை முதல் ஆவணி வரை புல்லுக்கு ஓய்வே கிடைக்காது. நான் காட்டை மூன்றாகத் தடுத்து வைத்திருக்கிறேன். ஒன்றில் மேயும்போது மற்ற இரண்டும் தூங்கும். மழைக்குப் பிறகு முதல் தளிர் முழங்கால் உயரம் வரும்வரை எந்தக் காட்டிலும் ஆட்டை விட மாட்டேன். அந்த மூன்று நாலு வாரம் தீவனம் விலைக்கு வாங்குவேன், மனசு வலிக்கும். ஆனால் விட்டால் அந்த வருடம் முழுக்க வலிக்கும்.

நரிப்பயறு, கொழுஞ்சி முளைத்திருந்தால் களை என்று பிடுங்கச் சொல்வார்கள், பிடுங்காதே. பயறு வகைச் செடி மண்ணுக்குத் தழைச்சத்து கொடுக்கும். கொழுக்கட்டையோடு நரிப்பயறு கலந்து மேய்ந்த ஆட்டின் மினுமினுப்பே வேறு.

---

தென்கரை_உழவன்

கேட்கக் கூடாது என்று நினைத்தேன், கேட்டுவிடுகிறேன். எங்கள் தாத்தா சில வருடத்துக்கு ஒருமுறை கொறங்காட்டை உழுது சோளமோ கொள்ளோ போடுவார். இங்கே எல்லோரும் மண்ணைத் தொடாதே என்கிறீர்களே, அது தப்பா?

---

பட்டிக்காடு_பெரியவர்

தப்பில்லை. ஏர் வேறு, ஜேசிபி வேறு. தூர் முதிர்ந்து நடுவில் வெறுமையாகி, மண் இறுகிப்போன காட்டில் மழையோடு ஒரு மேலுழவு போட்டுக் கொள்ளு விதைப்பது எங்கள் வழக்கமும்தான். கிழிபட்ட தூரும் உள்ளே கிடந்த விதையும் அடுத்த வருடம் புதுசாகக் கிளம்பும். ஆனால் வெள்ளாமை எடுத்த பிறகு ஒரு பருவம் மாட்டை விடாமல் காக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவன் உழக் கூடாது. எங்கள் காட்டிலேயே ஒரு தடவை அவசரப்பட்டு விட்டேன், நாலு வருடம் அனுபவித்தேன்.

---

கிடை_அக்கா

நான் உழவுக்கு எதிர்க்கட்சி. டிராக்டரில் மேலுழவு என்று சொல்லிவிட்டு முழ ஆழம் போய்விடுகிறார்கள். விதை தூவுவதே போதும்.

---

மூலனூர்_மேற்கு

எல்லோருக்கும் நன்றி. கடைசிப் பதிவுக்குப் பிறகு ஏழு மாதம் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

ஜேசிபி வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட்டேன். நண்பருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் அவரையும் கூட்டிப்போய் ஓடை ஓரத்தில் இருபது புங்கன் வைத்தோம். வேலிச் சந்தில் கிளுவைக் குச்சி ஊன்றினேன், முக்கால்வாசி பிடித்திருக்கிறது. குத்தகைக்காரரிடம் பேசி மேற்கு மூலையைத் தனியாக அடைத்துவிட்டோம். அவர் முகம் சுளிக்கவில்லை. "உங்கப்பா இருந்தா இதத்தான் சொல்லியிருப்பாரு" என்றார்.

ஐப்பசியில் மூன்று நல்ல மழை. போன சனிக்கிழமை காலை போனேன். சித்திரையில் வைக்கோலாகக் கிடந்த அதே தூரில் பச்சை முழங்காலைத் தொடுகிறது. சில தூரில் ஊதாக் கதிர் வந்துவிட்டது. மேற்கு மூலை மட்டும் இன்னும் வெறுமைதான், ஓரத்தில் நரிப்பயறு படர்ந்திருக்கிறது. அதற்கு விதை வேண்டும். கடையில் வாங்குவதா, நம் காட்டிலிருந்தே எடுப்பதா?

---

செடிப்பெயர்

உங்கள் காட்டிலிருந்தே எடுங்கள். இந்தப் புல் பெரும்பாலும் கருமுட்டை கருவுறாமலேயே விதை கட்டும். தாய் எப்படியோ பிள்ளை அப்படியே, அச்சு மாறாது. அதனால் சித்திரை வெயிலைத் தாங்கி நின்ற, இலை அதிகமுள்ள நாலைந்து தூரை அடையாளம் வைத்துக்கொண்டு அவற்றில் மட்டும் எடுத்தால், அந்தக் குணமே மூலை முழுக்க வரும். வெளியூர் ரகம் விளைச்சல் அதிகம் தரலாம், ஆனால் உங்கள் மண்ணைத் தாங்குமா என்று பார்க்கவே இரண்டு வருடம் போகும்.

---

கிடை_அக்கா

எடுக்கிற விதம் சொல்கிறேன் தம்பி. கதிர் ஊதா போய் வைக்கோல் நிறம் வந்ததும், பனி காய்ந்த பிறகு, கதிரை அடியிலிருந்து மேலே உருவினால் முதிர்ந்தது மட்டும் கையோடு வரும். வராததை விட்டுவிடு, அடுத்த வாரம் வா. எல்லாம் ஒரே நாளில் முதிராது. துணிப்பையில் போட்டு நிழலில் தொங்கவிடு. பிளாஸ்டிக்கில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும்.

உடனே விதைக்காதே. புது விதை தூங்கும், ஆறேழு மாதம் போனால்தான் நன்றாக முளைக்கும். அடுத்த ஆவணி, புரட்டாசி வரை வைத்திரு.

---

செடிப்பெயர்

அளவு: ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ என்பது பரிந்துரை. உங்கள் மூலை அரை ஏக்கர் என்றால் ஒன்றரை கிலோ தாராளம். விதை பஞ்சு போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வீசினால் ஒரே இடத்தில் விழும். ஈர மணலோடு பிசைந்து தூவுங்கள். ஆழமாகப் புதைக்கக் கூடாது, முள்ளுக்கிளையை லேசாக இழுத்துவிட்டால் போதும்.

---

பட்டிக்காடு_பெரியவர்

அந்த முள்ளுக்கிளையை அப்படியே மூலையில் பரப்பி விட்டுவிடு. முளை வரும்போது வெள்ளாடு உள்ளே தலை நீட்டாது. உருவ ஆள் வேண்டுமென்றால் சொல், தை பிறந்ததும் நானும் வருகிறேன். மூலனூர் எனக்குப் பக்கம்தான்.